ஹெட்போனும் என் இடது காதும்

போன மே மாதம் பெங்களூரிலிருந்து பேரன் லீவுக்கு வந்தபோது, பெட்டியில் துணிமணியைவிட ஒயர்தான் அதிகம் இருந்தது. மடிக்கணினி, அதைக் குளிர்விக்க ஒரு விசிறி, கடைசியாகக் கறுப்பாக ஒரு பெரிய ஹெட்போன். பஸ்ஸில் பிள்ளைகள் காதில் செருகிக்கொள்கிற பொத்தான் இல்லை இது. காது முழுவதையும் மூடுகிற இரண்டு மெத்தை, தலைக்கு மேலே ஒரு வளைவு, வாய்க்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு மைக். அந்தக் காலத்து டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பெண்கள் மாட்டிக்கொண்டிருப்பார்களே, அதன் கொள்ளுப்பேத்தி போல இருந்தது.

"கேமிங் ஹெட்செட் தாத்தா. செவன் பாயிண்ட் ஒன் சரவுண்ட். அப்பா வாங்கிக் கொடுத்தாங்க."

விலையைக் கேட்டேன். ஏழாயிரத்துச் சொச்சம் என்றான். என் முதல் ஐந்து வருடச் சம்பளத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு மேலே ஒன்றும் கேட்கவில்லை.

அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் டிவி சத்தம் ஒரு தீராத வழக்காக இருந்தது. நான் நாற்பதில் வைப்பேன். என் மனைவி குசினியிலிருந்து வந்து இருபதில் வைப்பாள். அவள் திரும்பிப் போனதும் மறுபடி நாற்பது. "தெருவே செய்தி கேட்குதுங்க" என்பாள். மாடியில் குடியிருப்பவர் நல்ல மனிதர், ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் ஒரு நாள் வாடகை கொடுக்க வந்தவர், நான் பார்க்கும் சீரியலில் நேற்று என்ன நடந்தது என்று சரியாகச் சொன்னார். அதற்கு மேல் குறிப்பாணை தேவையில்லை.

"இதை டிவிக்கு மாட்டிக்கங்க தாத்தா, யாருக்கும் தொந்தரவு இல்ல" என்று பேரன்தான் ஆரம்பித்தான்.

முப்பத்தெட்டு வருடம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். பெட்டியில் அச்சடித்திருப்பதை அப்படியே நம்பி ஒப்புகைக் கையெழுத்துப் போடும் பழக்கமில்லை. 7.1 என்றால் என்ன என்று கேட்டேன். ஆளைச் சுற்றி ஏழு ஒலிபெருக்கி, அடிவயிற்றில் அதிருகிற தடித்த சத்தத்துக்குத் தனியாக ஒன்று என்றான். "இதில் ஏழும் எங்கே இருக்கு, காட்டு" என்றேன். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, இரண்டுதான் இருந்தது. பேரன் சிரித்தான். "அதுதான் தாத்தா விஷயமே. மத்ததெல்லாம் கணக்கு."

அந்தக் கணக்கை அவன் சொல்லியும், பிறகு நானே தேடிப் படித்தும் புரிந்துகொண்டேன். புரிந்த அளவுக்குச் சொல்கிறேன்.

நமக்கு வலது பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தால் அது வலது காதுக்கு முதலில் வருகிறது. இடது காதுக்குக் கொஞ்சம் தாமதித்து, கொஞ்சம் மெலிந்து வருகிறது. தாமதம் என்றால் மிஞ்சிப்போனால் ஒரு நொடியில் ஆயிரத்து ஐந்நூறில் ஒரு பங்கு. தலை அவ்வளவு அகலம்தானே. அந்த நூலிழை வித்தியாசத்தை வைத்துக்கொண்டு மூளை திசையைச் சொல்லிவிடுகிறது. முன்னாலா பின்னாலா, மேலேயா என்பதற்குக் காது மடலின் மடிப்புகள் உதவுகின்றன. எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து அந்த மடிப்புகள் சத்தத்தின் சாயலைக் கொஞ்சம் மாற்றுகின்றன. விஞ்ஞானிகள் மனிதத் தலை போல ஒரு பொம்மை செய்து, அதன் காதுத் துளைகளுக்குள் மைக் வைத்து, சுற்றிலும் பல இடங்களிலிருந்து ஒலி எழுப்பி இந்த மாற்றங்களை அளந்திருக்கிறார்கள். ஹெட்செட்டோடு வரும் மென்பொருள், சினிமாவிலோ விளையாட்டிலோ "பின்னால் இடது" என்று குறித்திருக்கும் சத்தத்தை எடுத்து, அதே தாமதத்தையும் சாயலையும் பூசி இரண்டு காதுக்கும் அனுப்புகிறது. மூளை ஏமாந்து பின்னால் திரும்பிப் பார்க்கிறது.

இதைப் படிக்கும்போது எனக்குக் கலவைக் கல்லூரி வகுப்பறை ஞாபகம் வந்தது. நான் படித்தது பிரெஞ்சு வழியில். வாரம் தவறாமல் திக்தே உண்டு. முசியே வாசிக்க வாசிக்க நாங்கள் எழுதவேண்டும். ஒரு பிழைக்கு நாலு மதிப்பெண் போகும். ஐந்து பிழை விட்டால் இருபதுக்குப் பூஜ்யம். அவர் மேடையில் நின்று வாசிக்க மாட்டார். பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டே வாசிப்பார். அவருடைய செருப்பு ஒரு மாதிரி கிறீச்சிடும். தலையை நோட்டிலிருந்து எடுக்கவே கூடாது. ஆனால் அவர் எந்த வரிசையில் வருகிறார், யார் தோளுக்குப் பின்னால் நிற்கிறார் என்று நாற்பது பையன்களுக்கும் தெரியும். பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்க்கலாமா கூடாதா என்பதை முடிவு செய்ததே அந்தச் செருப்புச் சத்தம்தான். சரவுண்டை நாங்கள் பத்து வயதிலேயே இலவசமாகக் கேட்டிருக்கிறோம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இரண்டு காதுக்கும் தனித்தனியாக ஒலி அனுப்பும் யோசனை ரொம்பப் பழையது. 1881-ல் பாரிஸில் நடந்த மின்சாரக் கண்காட்சியில் கிளெமான் அதேர் என்ற பொறியாளர் ஒபேரா மேடையின் முன்பக்கத்தில் வரிசையாக மைக்குகளை வைத்து, அங்கிருந்து கண்காட்சிக் கூடத்துக்குக் கம்பி இழுத்தார். கேட்பவர்களுக்கு இரண்டு காதுக்கும் இரண்டு டெலிபோன். பாடகர் மேடையில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நடப்பதை, கிலோமீட்டர் கணக்கில் தள்ளி உட்கார்ந்தவர்கள் காதாலேயே உணர்ந்தார்களாம். அந்த வருட நவம்பரில் விக்தோர் உய்கோ தன் பேரப்பிள்ளைகள் ழோர்ழையும் ழானையும் அழைத்துக்கொண்டு போய் இதைக் கேட்டார். அப்போது அவருக்கு 79 வயது. பிள்ளைகளும் மகிழ்ந்தார்கள், நானும் மகிழ்ந்தேன் என்கிற பொருளில் குறிப்பு எழுதிவைத்திருக்கிறார். பள்ளியில் உய்கோவின் கவிதைகளை மனப்பாடம் செய்யச் சொல்லி அடித்த முசியே, இதை ஒரு நாளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் விருப்பத்தோடு படித்திருப்பேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எந்தப் படத்தைப் போட்டுச் சோதிக்கலாம் என்று பேரன் கேட்டான். 'அபொகலிப்ஸ் நவ்' என்றேன். 1979-ல் வந்த கொப்போலாவின் படம், வியட்நாம் போர் பற்றியது. என் பெரியப்பா சைகோனில் சுங்க இலாகாவில் இருந்தவர். எங்கள் ஊரில் அந்தத் தலைமுறையில் வீட்டுக்கு ஒருவர் சைகோன் போனவர்தான். அதனால் அந்த நாட்டைப் பற்றி எது வந்தாலும் பார்ப்பேன். படத்தின் தொடக்கத்தில் ஒரு ஹெலிகாப்டர் தியேட்டரையே சுற்றி வருவதுபோல ஒலி அமைத்திருப்பார்கள். பின்பக்க ஒலிபெருக்கிகளை இடது வலது என்று பிரித்துப் பயன்படுத்தியதில் அது ஒரு முன்னோடிப் படம். வால்டர் மர்ச்சும் கூட்டாளிகளும் செய்த அந்த ஒலி வேலைக்கு ஆஸ்கர் கிடைத்தது. நம் ஊர்க் கொட்டகைகளில் திரைக்குப் பின்னாலிருந்து மட்டுமே சத்தம் கேட்டு வளர்ந்த எனக்கு அந்தச் சுற்றலை ஒரு தடவையாவது கேட்கவேண்டும் என்று ஆசை.

மாட்டிக்கொண்டேன். அறையின் மின்விசிறிச் சத்தம் அப்படியே அடங்கிவிட்டது. பனைமரங்கள், புகை. ஹெலிகாப்டர் வலது பக்கம் வந்தது. பின்னால் போனது. அடடா என்றிருந்தது. பிறகு மெல்ல மெல்லத் தூரத்துக்குப் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் மறுபடி வலது பக்கம் முளைத்தது.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா சுத்தி வரலியே. பாதி வந்து பாதி காணாமப் போவுதே" என்றேன்.

பேரன் வாங்கிக் கேட்டான். "சுத்துது தாத்தா."

மறுபடி நான் கேட்டேன். எனக்குச் சுற்றவில்லை. ஹெட்செட்டின் இடது பக்கம் பழுது, ரசீது இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு, வாங்கியவுடனே கொடுத்தால்தான் மாற்றித் தருவான் என்று அறிவுரை வழங்கினேன். அவன் ஒன்றும் பேசாமல் தன்னுடைய விளையாட்டைத் திறந்தான். ஃபோர்ட்நைட் என்று பெயர். ஒரு தீவில் நூறு பேர் இறங்கி ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டு, கடைசியில் நிற்பவர் வெற்றி பெறுவது. தர்மசங்கடமான விளையாட்டு. ஆனால் அதில் காலடிச் சத்தம்தான் உயிர். சுவருக்கு அந்தப் பக்கம் எதிராளி வருவது கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும்.

"தாத்தா, கண்ணை மூடிக்கங்க. ஆள் எந்தப் பக்கம் வர்றான்னு சொல்லுங்க."

"வலது."

"இப்ப?"

"வலதுதான். கொஞ்சம் தள்ளி."

"இப்ப?"

"ஒருத்தரும் இல்ல."

அவன் ஹெட்செட்டை என் தலையிலிருந்து எடுத்து, இடம் வலம் மாற்றி மாட்டினான். பிறகு மறுபடி அதே கேள்விகள். முதலில் கேட்காமல் போன ஆள் இப்போது வலது காதில் தடதடவென்று ஓடினான். முதலில் வலதில் ஓடியவன் காணாமல் போனான்.

கருவியைத் திருப்பினால் பழுதும் சேர்ந்து திரும்பவேண்டும். திரும்பவில்லை. அது என் இடது காதோடேயே இருந்தது. கண்ணைத் திறந்தபோது பேரன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்த விதத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. பதினாறு வயதுப் பையன். திருப்பிக் கொடுப்பதைப் பற்றி நான் பேசினதற்கு அவன் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. "டாக்டர்கிட்ட காட்டலாம் தாத்தா" என்று மட்டும் சொன்னான்.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. ஒவ்வொன்றாக நினைவு வந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு வாரம் காய்ச்சல். அது விட்ட சில நாளில், ஒரு காலை எழுந்தபோது இடது காது பஞ்சு அடைத்ததுபோல இருந்தது. உள்ளே ஙொய் என்று ஒரு சத்தம். குளித்தபோது தண்ணீர் போயிருக்கும், அல்லது குறும்பி என்று நினைத்து நல்லெண்ணெயைச் சுடவைத்து விட்டேன். மருந்துக்கடையில் ஏதோ சொட்டு மருந்து கொடுத்தார்கள், அதையும் விட்டேன். வலியில்லை. பத்து நாளில் பழகிவிட்டது. டெலிபோனை நான் எப்போதும் வலது காதில் வைப்பவன் என்பதால் குறை தெரியவும் இல்லை.

போன வருடம் மிஷன் வீதியைக் கடக்கும்போது ஒரு மோட்டார் சைக்கிள் என் வேட்டியை உரசிக்கொண்டு நின்றது. "ஹாரன் அடிக்கத் தெரியாதா" என்று கத்தினேன். "அடிச்சேனே பெரியவரே, நீங்க அந்தப் பக்கம் பாத்தீங்க" என்றான் அந்தப் பையன். பொய் சொல்கிறான் என்று வீட்டுக்கு வந்து திட்டினேன். அவன் சொன்னது சத்தியம். ஹாரன் எனக்குக் கேட்டது. எங்கிருந்து என்பது கேட்கவில்லை. ஒரு காதால் சத்தம் உண்டா இல்லையா என்று சொல்லலாம், திசை சொல்ல முடியாது என்பது இப்போதுதான் தெரிகிறது.

காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒரு கண்ணாடி அறையில் உட்காரவைத்துச் சோதித்தார். அங்கேயும் ஹெட்போன்தான். சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு பொத்தானை அழுத்தவேண்டும். வலது காது 35 டெசிபெல், இடது 70. இருபது இருபத்தைந்துக்குள் இருந்தால் நல்ல காது. வலது வயசுக்கேற்றபடி இருக்கிறது, இடதுதான் கேள்வி என்றார். வயோதிகத்தில் வரும் செவிட்டுத்தன்மை பொதுவாக இரண்டு காதையும் சமமாகப் பிடிக்குமாம். ஒன்று மட்டும் இப்படி இறங்கியிருந்தால் செவி நரம்பில் கட்டி ஏதும் இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார். அந்த இயந்திரத்துக்குள் அரைமணி நேரம் படுத்திருந்ததைப் பற்றித் தனியாக எழுதவேண்டும். அதன் முடிவு வர இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் டிவி இருபதிலேயே இருந்தது, யாரும் பார்க்கவில்லை.

கட்டி இல்லை. மருத்துவர் படத்தை வைத்துவிட்டு, எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். காய்ச்சல், பஞ்சு அடைத்த காலை, எண்ணெய், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை மூடினார். திடீரென்று ஒரு காது மந்தமானால் அது அவசரம், அன்றைக்கோ மறுநாளோ வரவேண்டும், முதல் இரண்டு வாரத்துக்குள் ஸ்டீராய்டு மருந்து கொடுத்தால் பலருக்குக் கொஞ்சமாவது திரும்பும் என்றார். "அப்பவே வந்திருந்தாலும் முழுசா வந்திருக்கும்னு சொல்ல முடியாது ஐயா" என்று அவரே சமாதானமும் சொன்னார். என் வயதுக்காரர்கள்தான் இதைப் படிப்பவர்களில் அதிகம். அதனால் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். காலையில் எழுந்து ஒரு காது அடைத்திருந்தால் எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடாதீர்கள். மருத்துவரைத் தேடுங்கள்.

இப்போது இடது காதில் மெஷின் வைத்திருக்கிறேன். பழக நாளாகும் என்றார்கள், ஆகிறது. பாத்திரம் விழுந்தால் இடி விழுந்த மாதிரி இருக்கிறது. பெரிய மெத்தை ஹெட்போனை அதன் மேல் மாட்டினால் சில சமயம் விசில் அடிக்கிறது. கொஞ்சம் நகர்த்தினால் நிற்கும்.

பேரன் ஊருக்குத் திரும்புமுன் எனக்கென்று விலை குறைந்த ஹெட்போன் ஒன்று வாங்கி, டிவி பார்க்கும் கணினியில் ஒரு மாற்றமும் செய்துவிட்டுப் போனான். 'மோனோ' என்று ஒரு வசதி, கணினியிலும் செல்போனிலும் இருக்கிறது. இடது பக்கத்துக்கான சத்தத்தையும் வலது பக்கத்துக்கானதையும் ஒன்றாகக் கலந்து இரண்டு காதுக்கும் கொடுத்துவிடும். யாரும் பாதியில் காணாமல் போக மாட்டார்கள். ஆனால் ஹெலிகாப்டரும் சுற்றாது. எல்லாம் நடுமண்டைக்குள் நின்றுவிடும். சரவுண்ட் என்று ஆரம்பித்து, 1881-க்கும் முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறேன். வசனம் தெளிவாகக் கேட்கிறது, அதுவே போதும். மாடிக்காரருக்குத்தான் இப்போது சீரியலில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் போய்விட்டது.

அவன் விளையாட்டில் இன்னொன்று காட்டினான். காது கேளாத பிள்ளைகளும் விளையாடுவதற்காக, சத்தத்தைப் படமாகக் காட்டும் ஏற்பாடு அதில் இருக்கிறது. எதிராளி இடது பின்பக்கம் நடந்தால், திரையில் ஒரு வளையத்தின் அந்த இடத்தில் காலடிக் குறி தோன்றும். சண்டைக்காக இவ்வளவு யோசித்தவர்கள் மிஷன் வீதிக்கும் ஏதாவது யோசித்தால் நன்றாக இருக்கும்.

என் மனைவியைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். எம்ஆர்ஐ முடிவு வந்த மாலை இருவரும் கடற்கரைச் சாலைக்குப் போனோம். வருடக்கணக்காக ஒரே நடைதான். காந்தி சிலையிலிருந்து தெற்கே டுப்ளே சிலை வரைக்கும் போய்த் திரும்புவது. கடல் பக்கம் நடப்பது அவளுக்குப் பிடிக்கும். போகும்போது கடல் எங்களுக்கு இடது பக்கம். அதாவது போகும்போதெல்லாம் அவள் என் இடது பக்கம்.

"மூணு வருஷமா ஒண்ணு கேட்கணும்னு இருந்தேன்" என்றாள். "போகும்போது ஒரு வார்த்தை பேச மாட்டீங்க. திரும்பும்போது நல்லாப் பேசுவீங்க. வீட்டை விட்டுக் கிளம்பும்போது எம்மேல என்னமோ கோவம்னு நெனச்சுக்குவேன். டுப்ளே சிலை வந்தா சரியாயிடும்னு விட்டுடுவேன்."

மூன்று வருடமாகப் போகும் வழியில் அவள் என்னென்ன சொன்னாள் என்று கேட்டேன். எல்லாம் ஞாபகமில்லை என்றாள். அவளுடைய தங்கை மகளுக்கு வரன் வந்து போனது, கண்ணில் புரை இருக்கிறதோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது, இப்படிச் சிலது. புரை விஷயத்தை அவளே தனியாகப் போய்க் காட்டிவிட்டு வந்திருக்கிறாள். நான் துணைக்கு வரவில்லை என்று சொல்லிக் காட்டாமலேயே இருந்திருக்கிறாள்.

இப்போது போகும்போது அவள் கட்டடங்கள் பக்கம், நான் கடல் பக்கம். காது மெஷினில் அலைச் சத்தமும் காற்றும் சேர்ந்து இரையும், அதனால் அங்கே வந்ததும் அணைத்துவிடுவேன். "கடலே தெரியல, உங்க தலைதான் தெரியுது" என்று தினமும் ஒரு தடவை சொல்கிறாள். கேட்கிறது.